வாடகை போக மிச்சம் என்ன? ஏழைக் குடும்பங்களுக்காக வீட்டுச் சந்தையை ஆராயும் வழி

வீட்டுச் சந்தை ஆய்வு என்றதும் எல்லோரும் புள்ளிவிவரத்தைத் தேடி ஓடுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்த ஆய்வை வைத்து யார் என்ன முடிவு எடுக்கப் போகிறார்கள்? புதிதாக வீடு கட்டப் போகிறார்களா, இருக்கிற பழைய வீடுகளைப் பழுதுபார்த்து வாடகை ஏறாமல் காக்கப் போகிறார்களா, இல்லை குடும்பங்களுக்கு வாடகை உதவித்தொகை கொடுக்கப் போகிறார்களா? மூன்றுக்கும் வேண்டிய தகவல் வேறு. கட்டப் போகிறவருக்கு எத்தனை பேர் கொண்ட குடும்பங்கள் எந்த இடத்தில் தேடுகின்றன என்று தெரிய வேண்டும். பழுதுபார்க்கப் போகிறவருக்கு எந்தக் கூரை ஒழுகுகிறது, அதன் உரிமையாளர் யார் என்று தெரிய வேண்டும். உதவித்தொகை கொடுப்பவருக்கு, அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால் காலி வீடு கிடைக்குமா என்று தெரிய வேண்டும். முடிவு என்னவென்று தெரியாமல் திரட்டிய தகவல் ஏட்டுச் சுரைக்காய்தான். அதனால் அந்த முடிவை ஒரே வாக்கியத்தில் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிறகு நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு கேள்வியும் அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீடு அமைத்துத் தர முயலும் குழுக்களுக்காக வாடகைக் கணக்கெடுப்பு செய்வது என் வேலை. கையில் பெரிய நிதியோ தனி ஆய்வுப் பிரிவோ இல்லாத ஒரு சிறு குழுவாலும் செய்யக்கூடியதைத்தான் இங்கே சொல்கிறேன்.

கட்டுப்படியாகும் வாடகை எது?

வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை இருந்தால் கட்டுப்படியாகும் என்று எங்கும் சொல்கிறார்கள். இந்த எண் பிரபலமானது அமெரிக்கப் பொது வீட்டுவசதிச் சட்டங்களால். 1969இல் அரசு வீடுகளின் வாடகைக்கு வருமானத்தில் 25 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 1981இல் அதை 30 ஆக்கினார்கள். அதாவது, அரசு இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று போட்ட கோடு அது. ஒரு குடும்பத்துக்கு வாழ எவ்வளவு வேண்டும் என்று பார்த்து அளந்த அளவு இல்லை. வருமானம் குறையக் குறைய வாடகைக்குப் போகும் பங்கு கூடுகிறது என்று 1868இலேயே பெர்லின் நகரக் கணக்குகளை வைத்து புள்ளியியலாளர் ஹெர்மன் ஷ்வாபே காட்டிவிட்டார். அப்படியிருக்க, எல்லோருக்கும் ஒரே சதவீதம் எப்படிப் பொருந்தும்?

நான் கணக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து போடுகிறேன். மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்குச் சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, மருந்து, வேலைக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்துச் சிக்கனமாகவே 85 ஆகிறது என்றால், அவர்களால் கொடுக்க முடிந்த வாடகை 15தான். 30 சதவீத விதியோ 30 கொடுக்கலாம் என்கிறது. குறைகிற மீதி 15 எங்கிருந்து வரும்? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வரும், இல்லாவிட்டால் கடனாக வரும். அதே 100 வருமானத்தில் இரண்டு பேர் மட்டும் இருந்து அவர்களின் செலவு 55 என்றால், 30 கொடுத்தும் அவர்களுக்குக் கொஞ்சம் மிஞ்சும். விதியின் கண்ணுக்கு இரண்டு குடும்பமும் ஒன்றுதான். ‘எஞ்சும் வருமானம்’ என்ற இந்த அணுகுமுறையை அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் ஸ்டோன் நீண்ட காலம் வலியுறுத்தினார். சதவீதக் கணக்கைவிட இதற்கு உழைப்பு அதிகம், உண்மைதான். ஆனால் எத்தனை அறை கொண்ட வீடு எந்த வாடகைக்கு வேண்டும் என்ற பதில் இந்தக் கணக்கில்தான் கிடைக்கும்.

வருமானத்தைக் கேட்பதிலும் கவனம் வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவரிடம் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால் நல்ல மாதத்தைச் சொல்வார், இல்லாவிட்டால் நீங்கள் எதிர்பார்ப்பதாக அவர் நினைக்கும் தொகையைச் சொல்வார். அதற்குப் பதில், ‘கடந்த ஒரு வருடத்தில் ரொம்பக் கஷ்டப்பட்ட மாதம் எது? அந்த மாதம் கைக்கு எவ்வளவு வந்தது? வாடகையை எதை வைத்துக் கொடுத்தீர்கள்?’ என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. நகையை அடகு வைத்தோம், தம்பியிடம் வாங்கினோம், வீட்டுக்காரரிடம் இரண்டு மாதம் தவணை கேட்டோம் என்று வரும் பதில்களைச் சுருக்காமல் அப்படியே எழுதுங்கள். ஒரு குடும்பம் வீட்டை இழப்பது சராசரி மாதத்தில் நடப்பதில்லை.

உண்மையான வாடகையைக் கண்டுபிடிப்பது

இணையத்தில் வரும் வாடகை விளம்பரங்களைத் திரட்டிச் சராசரி எடுப்பது சுலபம். ஆனால் நாம் தேடும் வீடுகள் அங்கே வருவதே இல்லை. மலிவான வீடு வாய்மொழியாகவே கைமாறும். காலியாவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரரின் சொந்தக்காரர் வந்து நிற்பார். போதாததற்கு, விளம்பரத்தில் இருப்பது கேட்கும் வாடகை. கொடுக்கும் வாடகை வேறு. அதனால் விளம்பரங்களை மேல்தட்டுச் சந்தையின் போக்கைப் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, தெருவில் இறங்குங்கள். தரகர்கள், மளிகைக் கடைக்காரர்கள், காவலாளிகள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஆகியோருக்கு எந்த வீடு காலி, எவ்வளவுக்குப் போனது என்று அத்துப்படி.

தெருவில் எடுத்த எண்களைச் சுருக்கும்போது சராசரியைத் தள்ளி வையுங்கள். ஐந்து வீடுகளின் வாடகை 10, 11, 12, 13, 54 என்று இருந்தால் சராசரி 20. அந்தத் தெருவில் 20 கொடுப்பவர் ஒருவர்கூட இல்லை. வரிசையில் நடுவில் நிற்கும் 12தான் அங்குள்ள நிலவரத்தைச் சொல்கிறது. நம் வேலைக்கு அதையும்விட முக்கியம், கீழிருந்து கால்வாசி இடத்தில் இருக்கும் வாடகை. புதிதாக ஊருக்கு வந்த ஏழைக் குடும்பம் அந்த மட்டத்தில்தான் வீடு தேடும்.

இன்னொரு பிரிவும் வேண்டும். பல வருடமாக அதே வீட்டில் இருப்பவர் கொடுக்கும் வாடகையையும், கடந்த ஒரு வருடத்துக்குள் குடிவந்தவர் கொடுக்கும் வாடகையையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். பழையவர்கள் பெரும்பாலும் குறைவாகக் கொடுப்பார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம், அந்தப் பழைய குடும்பம் நாளை வீடு மாற நேர்ந்தால் எவ்வளவு உயரம் ஏற வேண்டியிருக்கும் என்பதைக் காட்டும்.

சரி, வாசலில் நின்று எப்படிக் கேட்பது? ஒரு வீட்டில் நடந்த பேச்சை அப்படியே சொல்கிறேன். தொகைகளை மட்டும் சுருக்கியிருக்கிறேன்.

‘வாடகை எவ்வளவுக்கா?’

‘பன்னிரண்டு.’

‘போன மாசம் வீட்டுக்காரர் கையில மொத்தமா எவ்வளவு கொடுத்தீங்க?’

அந்த அக்கா விரல் விட்டு எண்ணினார். ‘வாடகை பன்னிரண்டு. கரண்டுக்குத் தனியா ரெண்டு, மோட்டார் போட்டுத் தண்ணி விடுறதுக்கு ஒண்ணு, குப்பைக்கும் படிக்கட்டு கழுவுறதுக்கும் ஒண்ணு. பதினாறு ஆவுது.’

‘அட்வான்ஸ் கொடுத்தீங்களே, அது சேமிப்பா, கடனா?’

‘கடன்தான். அதுக்கு மாசம் ரெண்டு வட்டி போவுது.’

ஆக, 12 என்று படிவத்தில் ஏறியிருக்க வேண்டிய வீட்டின் மாதச் செலவு 18. ஒன்றரை மடங்கு. இது பொய்யான பதிலால் வந்த வித்தியாசம் இல்லை. வாடகை என்று கேட்டோம், வாடகையைச் சொன்னார். அதனால் என் படிவத்தில் ‘வாடகை’ என்று ஒரு கட்டம் கிடையாது. வீட்டுக்காரருக்குக் கொடுத்தது, மின்சாரத்துக்கு, தண்ணீருக்கு, பராமரிப்புக்கு, முன்பணக் கடனின் வட்டிக்கு என்று ஐந்து கட்டங்கள் இருக்கும். மின்சாரத்துக்கு வீட்டுக்காரர் வாங்கும் விலையும் அரசு நிர்ணயித்த விலையும் ஒன்றா என்றும் பாருங்கள். வேறுபட்டால் புதிய வீடு கட்டாமலேயே சரிசெய்யக்கூடிய ஒரு சுமை அகப்பட்டுவிட்டது.

வீட்டைக் காலி செய்த அனுபவத்தைக் கேட்பதிலும் வார்த்தை முக்கியம். 2009 முதல் 2011 வரை அமெரிக்காவின் மில்வாக்கி நகர வாடகைக் குடும்பங்களிடம் சமூகவியலாளர் மேத்யூ டெஸ்மண்ட் நடத்திய ஆய்வில், இரண்டு வருடத்துக்குள் எட்டில் ஒருவருக்கு மேல் கட்டாயத்தின் பேரில் வீடு மாறியிருந்தார்கள். அப்படி மாறியதில் கிட்டத்தட்டப் பாதி நீதிமன்றத்தின் வாசலையே மிதிக்காதவை. வீட்டுக்காரர் நேரில் வந்து கிளம்பச் சொன்னால் பலர் அதை வெளியேற்றம் என்று எண்ணுவதே இல்லை. ஆகவே ‘வெளியேற்றப்பட்டீர்களா?’ என்று கேட்காமல், ‘முந்தின வீட்டிலிருந்து ஏன் வந்தீர்கள்? வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா? வாடகை ஏறியதா? இருந்திருக்க முடியும் என்றால் இருந்திருப்பீர்களா?’ என்று கேளுங்கள். நீதிமன்றப் பதிவை மட்டும் பார்த்துப் பிரச்சினை சின்னது என்று எழுதிவிட்டால் அந்தக் குடும்பங்கள் கணக்கிலேயே இல்லாமல் போய்விடும்.

வீட்டின் நிலையும் தூரமும்

வீட்டின் தரத்தைக் குறிக்க நீண்ட படிவம் வேண்டாம். ஐ.நா. வாழிடத் திட்டம் வைத்திருக்கும் ஐந்து அளவுகோல்கள் போதும்: பாதுகாப்பான தண்ணீர், கழிப்பறை வசதி, ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் இல்லாத இடவசதி, உறுதியான கட்டடம், திடீரென்று துரத்தப்படாத உரிமை. இவற்றில் எது இல்லை என்று வீட்டுக்கு வீடு குறித்தாலே, புதிய வீடு வேண்டுமா, இருக்கிற வீட்டுக்கு ஒரு கழிப்பறையும் நல்ல கூரையும் போதுமா என்று பிரிக்க முடியும். இரண்டாவது வழியில் அதே பணத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவலாம்.

தூரத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். மலிவான நிலம் ஊருக்கு வெளியேதான் கிடைக்கும். அங்கே கொண்டுபோய்க் கட்டும் ஆசை பல நாடுகளிலும் வந்திருக்கிறது. மெக்சிகோவில் 2000களில் வீட்டுக்கடன் திட்டங்களின் துணையோடு நகர எல்லைகளில் வரிசை வரிசையாகச் சிறு வீடுகளைக் கட்டினார்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த நாட்டில் சுமார் 50 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. எல்லாமே அந்தத் திட்ட வீடுகள் அல்ல, காரணங்களும் பல. ஆனால் வேலை, பள்ளிக்கூடம், பேருந்து எதுவும் பக்கத்தில் இல்லாததால் கடனில் வாங்கிய வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் ஏராளம். வீட்டின் விலை குறைவு, வாழ்க்கையின் விலை கூடுதல்.

இதைத் தவிர்க்க, வீட்டுச் செலவோடு போக்குவரத்துச் செலவையும் கூட்டிப் பாருங்கள். சிகாகோவில் உள்ள அண்டைப்பகுதித் தொழில்நுட்ப மையம் இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு அளவு வைத்திருக்கிறது. முன்பு சொன்ன சதவீதக் குறை அதற்கும் உண்டு. இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்காதீர்கள். வேலைக்குப் போகும் நேரத்தில் வாசலிலிருந்து கிளம்பி, காத்திருந்து, மாறி ஏறி, வேலை இடத்தில் கால் வைக்கும்வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். இரவு வேலை முடிந்து திரும்பும் பெண்ணுக்கு அந்த நேரத்தில் பேருந்து இருக்கிறதா என்றும் பாருங்கள். குடும்பத்தில் வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு. வீடு மாறியதால் வீட்டு வேலை செய்யும் அம்மாவின் சம்பாத்தியம் நின்றுபோனால், அதுவும் அந்த வீட்டின் செலவுதான்.

கட்டுபவரின் கணக்கு

குடும்பம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று தெரிந்த பிறகு, ஒரு வீட்டைக் கட்டி நடத்த மாதம் எவ்வளவு வாடகை வந்தாக வேண்டும் என்று கணக்கிடுங்கள். கடன் தவணை, பராமரிப்பு, வரி, வீடு காலியாக இருக்கும் நாட்களின் இழப்பு, நிர்வாகச் செலவு எல்லாம் அதில் வரும். இரண்டு தொகைக்கும் இடையே உள்ள பள்ளம்தான் யாராவது நிரப்ப வேண்டியது. ‘வீடுகள் விலை அதிகம்’ என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். ‘ஒரு வீட்டுக்கு மாதம் இவ்வளவு குறைகிறது’ என்று எழுதினால் பேச்சு தொடங்கும்.

பள்ளத்தைக் குறைக்க எல்லோரும் கை வைப்பது கட்டுமானச் செலவில். சுவரை மெலிதாக்கு, ஜன்னலைக் குறை என்பார்கள். கொஞ்சம் கணக்குப் பாருங்கள். மொத்தச் செலவில் கட்டுமானம் பாதி என்றால், அதில் 10 சதவீதம் மிச்சம் பிடித்தாலும் மொத்தத்தில் 5 சதவீதம்தான் குறையும். இப்போது வட்டியைப் பாருங்கள். 100 கடனை 20 ஆண்டுகளில் மாதத் தவணையாக அடைக்க, 6 சதவீத வட்டியில் ஆண்டுக்குச் சுமார் 8.6 கட்ட வேண்டும். 9 சதவீதம் என்றால் சுமார் 10.8. தவணை கால்வாசி கூடிவிடுகிறது. ஆகவே மலிவான நீண்டகாலக் கடன், நிலத்தின் விலை, அனுமதி கிடைக்காமல் நிலம் சும்மா கிடக்கும் மாதங்களின் வட்டி ஆகியவற்றைத் தனித்தனி வரியாகப் போடுங்கள். எந்த வரி பெரிது என்பது ஊருக்கு ஊர் மாறும். அதைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் இந்தப் பகுதி ஆய்வின் பயன்.

கட்டுவதில் பாதியை மட்டும் செய்வதும் ஒரு வழி. சிலியின் இக்கிகே நகரில் கட்டடக்கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு 2000களின் தொடக்கத்தில் சுமார் நூறு குடும்பங்களுக்கு அப்படிச் செய்தது. அரசு மானியத்தில் முழு வீடு கட்ட முடியாது என்றதும், ஊருக்குள் அவர்கள் ஏற்கெனவே வாழ்ந்த நிலத்திலேயே, குடும்பங்களால் தனியாகச் செய்ய முடியாத சட்டகம், சமையலறை, குளியலறை, படிக்கட்டு ஆகியவற்றைக் கட்டி, மீதி இடத்தைக் குடும்பங்கள் தாங்களே கட்டிக்கொள்ள விட்டார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம்தான். ஆனால் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் ஆய்வில் கேட்க வேண்டிய கேள்வியும் இதிலிருந்தே வருகிறது: இந்தக் குடும்பங்கள் எதைத் தாங்களே செய்துகொள்வார்கள், எதை ஒருநாளும் செய்ய முடியாது?

புதிதாக விலை கூடிய வீடுகள் வந்தால் அது ஏழைகளுக்கு உதவுமா என்ற சண்டை எப்போதும் உண்டு. புது வீட்டுக்கு ஒருவர் போனால் அவர் விட்ட வீடு இன்னொருவருக்கு, அவர் விட்டது வேறொருவருக்கு என்று ஒரு சங்கிலி ஓடுகிறது. அமெரிக்கப் பெருநகரங்களில் பொருளியலாளர் ஈவன் மாஸ்ட் இந்தச் சங்கிலியைத் தொடர்ந்து பார்த்தார். 100 பேர் குடியிருக்கக்கூடிய ஒரு புதிய கட்டடம் சந்தை விலையில் வந்தால், நடுத்தரத்துக்குக் கீழான வருமானமுள்ள பகுதிகளிலிருந்து 45 முதல் 70 பேர் வெளியே நகர்கிறார்கள். மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்குப் பகுதிகளிலிருந்து என்று பார்த்தால் 17 முதல் 39 பேர்தான். சங்கிலி உண்மை, அடித்தட்டுக்கு வரும்போது அது இளைத்துவிடுகிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். அப்புறம், கட்டப்படும் வீடுகளை மட்டும் எண்ணாமல் இடிபடும் மலிவு வீடுகளையும், கடையாகவோ விடுதியாகவோ மாறும் வீடுகளையும் எண்ணுங்கள். ஐம்பது புதிய வீடுகள் வந்த வருடத்தில் எழுபது பழைய வீடுகள் போயிருந்தால் நாம் பின்னால்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

யார் எண்ணுவது?

குடியிருப்பவர்களே எண்ண வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மும்பையில் 1985இல் ஸ்பார்க் அமைப்பு நடைபாதைவாசிகளோடு சேர்ந்து 6,000க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கணக்கெடுத்தது. வந்து போகிறவர்கள் என்று அதுவரை ஒதுக்கப்பட்டவர்கள், பல வருடங்களாக அங்கேயே, வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் வாழ்கிறவர்கள் என்பது எழுத்தில் வந்தது. வெளியாட்களின் ஊகம் எவ்வளவு விலகும் என்பதற்கு கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா குடிசைப்பகுதி சாட்சி. அங்கே பத்து லட்சம் பேர் வரை இருப்பதாகப் பலகாலம் எழுதிவந்தார்கள். 2009 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது 1,70,070. எண்ணைக் கூட்டிச் சொன்னால் உதவி கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு எண் பொய்த்துப்போனால் மற்ற எல்லா எண்ணையும் சந்தேகிப்பார்கள்.

தகவல் தந்த குடும்பத்துக்கு அதனால் தீங்கு வரக் கூடாது. அனுமதியில்லாத வீட்டின் முகவரியும் புகைப்படமும் தவறான கைக்குப் போனால் இடிக்க வந்துவிடுவார்கள். பெயரையும் கதவு எண்ணையும் தனித்தாளில், குறியீட்டு எண்ணோடு வைத்துப் பூட்டுங்கள். அட்டவணையில் குறியீடு மட்டும் போகட்டும். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போது வாடகையைப் பற்றிக் கேட்காதீர்கள். எண்ணி முடித்ததும் முடிவுகளை முதலில் அந்தத் தெருவிலேயே படித்துக் காட்டுங்கள். ‘தண்ணிக்குக் கொடுப்பதை விட்டுவிட்டீங்க’ என்று யாராவது திருத்துவார்கள்.

முடிவெடுப்பவருக்குக் கொடுப்பது இரண்டு பக்கம் இருந்தால் போதும். எந்த வருமானத்தில், எத்தனை பேர் கொண்ட, எத்தனை குடும்பங்கள்; அவர்கள் கொடுக்க முடிந்தது எவ்வளவு; இப்போது கொடுப்பது எவ்வளவு; ஒரு வீட்டை நடத்த வேண்டியது எவ்வளவு; பள்ளத்தில் பெரிய பங்கு எதனுடையது; முதல் பக்கத்தில் எழுதிய அந்த முடிவுக்கு இதனால் என்ன பதில். மற்றதெல்லாம் பின்னிணைப்பு.

வேலை அதோடு முடியாது. ஒருமுறை எடுத்த வாடகைக் கணக்கு சீக்கிரம் பழசாகிவிடும். ஆறு மாதம் கழித்து அதே கதவுகளைத் தட்டி, அதே ஐந்து கட்டங்களையும் மறுபடி நிரப்புங்கள். வேறு குடும்பம் கதவைத் திறந்தால் அவர்களிடம் புது வாடகையைக் கேளுங்கள். பழைய குடும்பம் எங்கே போனது, ஏன் போனது என்று பக்கத்து வீட்டில் விசாரித்து, அதையும் அதே குறியீட்டு எண்ணுக்கு எதிரில் எழுதுங்கள்.